முன்னுதாரணமா, நெறித்தீர்ப்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பிரிசிடெண்ட் (precedent), அதாவது பின்னால் வரும் வழக்குகள் பின்பற்றும் பழைய தீர்ப்பு, என்பதற்கு 'முன்னுதாரணம்' இருக்கிறதே, இன்னொரு சொல் எதற்கு என்று இந்த இழையில் கேட்டிருந்தீர்கள். எனக்கு அது போதவில்லை. உதாரணத்தைப் பிடித்தால் எடுத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். உச்ச நீதிமன்றம் வகுத்த சட்டத்தைக் கீழ் நீதிமன்றம் அப்படி விட முடியாது. அது எல்லா நீதிமன்றங்களையும் 'கட்டுப்படுத்தும்' என்கிறது இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 141ஆம் பிரிவு. அந்தக் கட்டு சொல்லிலும் தெரிய வேண்டும்.

'முன்தீர்ப்பு' சொல்லச் சுலபம், நானும் சில காலம் அதைத்தான் எழுதினேன். ஆனால் 'முன்முடிவு' என்ற சொல்லோடு பழகிய காதுக்கு, விசாரிக்கும் முன்பே எழுதிவைத்த தீர்ப்பு என்று அது கேட்கிறது. நீதிமன்றத்தைப் பற்றிய சொல்லில் இந்த மயக்கம் இருக்கவே கூடாது. அதனால் 'நெறித்தீர்ப்பு' என்று முன்வைக்கிறேன்: பின்னால் வரும் வழக்குகளுக்கு நெறி தரும் தீர்ப்பு.

சரி, நெறித்தீர்ப்பில் கட்டுப்படுத்துவது எது? முழுத் தீர்ப்பும் அல்ல. ரேஷியோ டெசிடெண்டை (ratio decidendi) என்று வழக்கறிஞர்கள் சொல்கிற பகுதி, அதாவது முடிவு எந்தச் சட்டக் கொள்கையின் மேல் நிற்கிறதோ அது மட்டும்தான். அதற்குச் சொல் தேடும்போது நான் நத்தை வழக்கை வைத்துத்தான் சோதித்துப் பார்ப்பேன். 1928இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஒரு பெண்ணுக்குத் தோழி இஞ்சி பீர் வாங்கித் தந்தார். உள்ளே இருப்பது தெரியாத புட்டி. கொஞ்சம் குடித்தபின் மீதியை ஊற்றியபோது அழுகிய நத்தை வந்து விழுந்தது என்பது அவர் புகார். காசு கொடுத்தது தோழி, ஆகவே குடித்த பெண்ணுக்கு யாரோடும் ஒப்பந்தம் இல்லை. ஆனாலும் தயாரிப்பாளருக்கு நுகர்வோரிடம் கவனக் கடமை, அதாவது தன் பொருளால் கேடு வராமல் பார்த்துக்கொள்ளும் கடமை, உண்டு என்று 1932இல் பிரிட்டனின் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் அவை 3க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

மூன்று ஆண்டு கழித்து, கம்பளி உள்ளாடையில் தங்கிய ரசாயனத்தால் தோல் நோய் கண்ட ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகர மருத்துவரின் வழக்கு, பிரிட்டிஷ் பேரரசு நாடுகளின் மேல்முறையீடுகளை லண்டனில் விசாரித்த பிரிவி கவுன்சிலுக்கு வந்தது. அது மூடிய புட்டி, இது துணி என்று எதிர்த்தரப்பு வாதாடியது. எடுபடவில்லை. புட்டியும் நத்தையும் உதிர்ந்துபோய், கண்ணுக்குத் தெரியாத குறையோடு பொருளை அனுப்பியவரின் கடமை மட்டும் மிஞ்சியது. அந்த மிச்சத்துக்குத்தான் நாம் பெயர் வைக்கிறோம்.

'தீர்ப்புக் காரணம்' என்றால் நீதிபதி எழுதிய எல்லாக் காரணங்களும் உள்ளே வந்துவிடும். 'தீர்ப்புக்கரு' பொருந்துகிறது. கரு என்றதும் வயிற்றுக் கரு நினைவுக்கு வரும் என்ற தயக்கம் வேண்டாம். கதைக்கரு என்று தினமும் சொல்கிறோம், யாரும் குழம்புவதில்லை. கதையிலிருந்து கருவைப் பிரித்தெடுப்பதில் வாசகர்கள் வேறுபடுவது போலவே, ஒரே தீர்ப்பின் கரு எது என்று வழக்கறிஞர்களும் மோதிக்கொள்கிறார்கள். அதையும் இந்தச் சொல் தாங்குகிறது.

முடிவுக்குத் தேவைப்படாமல் நீதிபதி கூடுதலாகச் சொல்லும் கருத்தான ஒபிட்டர் டிக்டாவுக்கு (obiter dicta) 'உபரிக்கருத்து' என்ற சொல் வேண்டாம்; 'தூக்கிப் போடலாம்' என்ற தொனி அதில் வந்துவிடுகிறது. நத்தை வழக்கிலேயே நீதிபதிகளில் ஒருவரான அட்கின் பிரபு 'என் அண்டை வீட்டார் யார்', அதாவது யாருக்குக் கேடு வராமல் நான் கவனமாக இருக்க வேண்டும், என்று விரித்து எழுதிய பகுதி அந்த வழக்கை முடிக்கத் தேவையானதைவிட அகலமானது. ஆனாலும் பிந்தைய நீதிபதிகள் அதை எடுத்து வளர்த்தார்கள். 'புறவுரை' என்றால் கருவுக்கு வெளியே நிற்பது என்று மட்டும் சொல்லும், இழிவாக்காது.

இந்த வழக்கின் விவரங்கள் வேறு, அதனால் பழைய தீர்ப்பு இதற்குப் பொருந்தாது என்று காட்டுவதை டிஸ்டிங்குவிஷ் (distinguish) செய்வது என்பார்கள்; அதற்கு 'வேறுபடுத்துதல்' ஏற்கெனவே புழங்குகிறது. அப்படியே இருக்கட்டும்.

எனக்கு இன்னும் சொல் பிடிபடாதது ஓவர்ரூல் (overrule). மேல்முறையீட்டில் அதே வழக்கின் முடிவு மாறுவதை 'தீர்ப்பை மாற்றுதல்' என்றால் போதும். ஓவர்ரூல் வேறு: வேறொரு வழக்கில், பல ஆண்டு கழித்தும், பழைய நெறியையே எடுத்துவிடுவது. அந்தரங்க உரிமை வழக்கில் 2017இல் இந்திய உச்ச நீதிமன்றத்தில் 9 நீதிபதிகள் உட்கார்ந்ததற்கே காரணம், அப்படி ஓர் உரிமையை ஏற்காமல் 1954இல் 8 பேர் அமர்ந்து சொன்னது குறுக்கே நின்றதுதான்; அதை நீக்க அதைவிடப் பெரிய அமர்வு தேவைப்பட்டது. 'நெறிநீக்கம்' என்று எழுதிப் பார்த்தேன். ஒழுக்கம் கெட்டது போல ஒலிக்கிறதோ என்று சந்தேகம். உங்கள் காதுக்கு எப்படி இருக்கிறது, சொல்லுங்கள்.