புறநானூறு படிக்க ஒரு வழி சொல்லுங்கள்

வணக்கம். தருமபுரியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன், வயது 46. பள்ளியில் செய்யுள் என்றால் மதிப்பெண்ணுக்கு மனப்பாடம், அவ்வளவுதான். போன மாதம் மகள் வைத்திருந்த ஒரு புத்தகத்தைப் புரட்டியபோது புறநானூற்றின் 95ஆம் பாட்டு கண்ணில் பட்டது. நம் தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் பாடியது. உன் ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன. அவனுடையவையோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ்வது போலவே எப்படிப்பட்ட குத்தல்! மெஷினை நிறுத்திவிட்டு இன்னொரு முறை படித்தேன். என் பட்டறை மூலையிலும் முறிந்த டிராக்டர் ஷாஃப்ட் நாலு கிடக்கிறது.

அந்த உற்சாகத்தில் முழு நூலையும் வாங்கிவிட்டேன். உரை பாட்டைவிடக் கடினம். பத்தாவது பாட்டோடு நின்றுபோனது.

சொல் பிரித்து, எளிய உரையோடு, எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கும் பதிப்பு எது? (வெள்ளெழுத்து வந்தாச்சு.) அதியமான் பாட்டுகளை மட்டும் முதலில் படிக்கலாமா? இல்லை, நாலு முதல் எட்டு அடிக்குள் முடியும் குறுந்தொகையில் தொடங்குவதுதான் சரியா? அப்புறம், ஞாயிறு மாலையில் சேர்ந்து படிக்க இந்தப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள். டீ என் செலவு.