படைவீரருக்கான களக்கத்தி: ரம்பப் பல்லும் குழாய்ப் பிடியும் தேவையா?

கேள்வி: காட்பாடி பட்டறை

காட்பாடியில் லேத், கிரைண்டிங் வேலை செய்யும் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். கம்மவான்பேட்டையில் இருக்கும் என் தாய்மாமன், படையில் பணியாற்றும் தம் மகனுக்காகக் காட்டிலும் மலையிலும் உதவக்கூடிய ஒரு கத்தியைச் செய்து தரும்படி கேட்டிருக்கிறார். அவர் காட்டிய படத்தில் எட்டு அங்குல அலகு, இருபுறக் கூர், முதுகில் ரம்பப் பற்கள், தீக்குச்சியும் தூண்டில் முள்ளும் வைக்க உள்ளீடற்ற பிடி, அதன் மூடியில் திசைகாட்டி என எல்லாமே இருக்கின்றன. இவற்றில் எவை பயன்படும், எவை கத்தியைப் பலவீனமாக்கும் என்பதையும், லாரிக் கமான் பட்டையில் செய்யலாமா, துருப்பிடிக்காத எஃகு வாங்குவதே மேலா என்பதையும் விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற ஹவில்தார், கணியம்பாடி

தம்பி, படத்தில் உள்ளவற்றில் பாதியைத் தள்ளிவிடலாம். கூடார முளை சீவுவது, கயிறு அறுப்பது, டப்பா திறப்பது, விறகு பிளப்பது ஆகியவைதான் இந்தக் கத்தியின் அன்றாட வேலை. விறகின்மேல் கத்தியை வைத்து அதன் முதுகில் கட்டையால் அடித்துப் பிளக்க வேண்டியிருப்பதால், முதுகு கூரின்றித் தட்டையாக இருக்க வேண்டும். அதன் விளிம்பைச் செங்கோணமாக விட்டுவைத்தால் ஃபெரோ கம்பியை (உரசினால் தீப்பொறி பறக்கும் உலோகக் கம்பி) உரசித் தீ மூட்டவும் உதவும்.

ரம்பப் பல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க விமானிகளுக்கு வழங்கப்பட்ட 5 அங்குலக் கத்தியில் அது இருந்ததற்குக் காரணம், விழுந்த விமானத்தின் அலுமினியத் தகட்டை அறுத்துக்கொண்டு வெளியேற வேண்டும் என்பதே. தரையில் நடக்கும் வீரருக்கு அந்தத் தேவை இல்லை. மரத்தில் அந்தப் பல் சிக்கிக்கொள்ளும், அடிக்கும் கட்டையையும் தின்றுவிடும்.

அமெரிக்க மரைன் படை 1942இல் ஏற்றுக்கொண்ட கா-பார் கத்தியின் அலகு 7 அங்குலம், ஆனால் அது சண்டையையும் மனத்தில் வைத்து உருவானது. உங்கள் தேவைக்கு 6 அங்குலம் போதும். வண்டியில் உட்காரும்போது தொடையில் இடிக்காது. ஜவ்வாது மலைப் புதரை வெட்டக் கொடுவாள் இருக்கிறது, அந்த வேலையை இதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். இன்னொன்றையும் கவனியுங்கள்: ஆயுதச் சட்ட விதிகளின் பட்டியலில் குத்துவாளும், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்தியும் இடம்பெற்றுள்ளன. இருபுறக் கூரைத் தவிர்க்க அதுவும் ஒரு காரணம். பிள்ளை தம் அதிகாரியிடம் அனுமதி பெற்ற பிறகே கத்தியை எடுத்துச் செல்லட்டும்.

பதில்: குடியாத்தம் உலைக்களம்

ஹவில்தார் ஐயா சொன்னவற்றோடு எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் படத்தில் உள்ள பெரிய குறை ரம்பப் பல் அன்று, குழாய்ப் பிடிதான். அதில் அலகின் வால், அதாவது பிடிக்குள் செல்லும் பகுதி, பிடியின் வாயிலேயே நின்றுவிடுவதால், விறகில் அடிக்கும் ஒவ்வோர் அடியும் அந்த இணைப்பின்மேல் விழுந்து அங்கேயே முறியும். அலகும் வாலும் ஒரே பட்டையாகப் பிடியின் கடைசி வரை, பிடியின் முழு அகலத்துக்கும் ஓட வேண்டும். அலகு முடிந்து வால் தொடங்கும் உள்மூலையைச் செங்கோணமாக வெட்டாமல் வளைவாக விடுங்கள், ஏனெனில் விரிசல் பெரும்பாலும் கூரான மூலையில்தான் பிறக்கும். தூண்டில் முள்ளை உறையின் பையில் வைத்துக்கொள்ளலாம்.

கமான் பட்டை நல்ல தேர்வு. வளைந்து கொடுக்கும், எளிதில் முறியாது. ஆனால் ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கக்கூடும் என்பதால், இ.என்.45 போன்ற ரகம் தெரிந்த புதுப் பட்டையையே வாங்குங்கள். கனம் 5 மில்லிமீட்டர் இருக்கட்டும். காந்தம் ஒட்டாத நிலையையும் கடந்து, ஏறத்தாழ 850 டிகிரி வரை காய்ச்சி, சற்றுச் சூடேற்றிய எண்ணெயில் துவைச்சல் விடுங்கள், அதாவது முக்கிச் சட்டென ஆறவிடுங்கள். தண்ணீரில் விட்டால் வெடிக்க வாய்ப்பு அதிகம். ஆறியதும் காலந்தாழ்த்தாமல் 200 முதல் 250 டிகிரி வெப்பத்தில் இரண்டு மணி நேரமாக இருமுறை பதப்படுத்த வேண்டும். துருப்பிடிக்காத எஃகுக்குக் கூடுதல் வெப்பமும் துல்லியமான உலையும் தேவை, அது நம்மைப் போன்ற பட்டறைகளின் கைக்கு எளிதில் அடங்காது. துரு வருவதை எண்ணெய் பூசிச் சமாளிக்கலாம், பதம் தவறிய கத்தியை எதைப் பூசியும் சமாளிக்க முடியாது.

பதில்: பேரணாம்பட்டு தோல்

உறையைப் பற்றி யாரும் பேசவில்லை. நம் பகுதியில் தாராளமாகக் கிடைக்கும், குரோம் உப்பால் பதனிட்ட தோலை இதற்கு எடுக்காதீர்கள். அதில் தங்கிய அமிலமும் உப்பும் ஈரம் பட்டால் கார்பன் எஃகை அரிக்கும், தோலும் விறைப்பாக நிற்காது. ஆவாரம்பட்டை போன்ற தாவரச் சாற்றில் பதனிட்ட, 3 முதல் 4 மில்லிமீட்டர் கனமுள்ள தோல் ஏற்றது. அதன் துவர்ப்புச் சத்து ஈர இரும்போடு சேர்ந்தால் கறுப்புக் கறை படியும் என்பதால் ரிவெட்டுகள் பித்தளையாகவே இருக்கட்டும். கூர் படும் பக்கத்தில் இரு தோல்களுக்கும் நடுவே ஒரு தோல் பட்டியை வைத்துத் தைத்தால் கத்தி தையலை அறுக்காது. அடியில் நீர் வடிய ஒரு துளை இடுங்கள். விடுப்பில் வீட்டில் இருக்கும் நாட்களில் கத்தியை உறையிலிருந்து வெளியே எடுத்து வைப்பது நல்லது.

கேள்வி கேட்டவர்: காட்பாடி பட்டறை

மூவருக்கும் நன்றி. 6 அங்குலம், ஒருபுறக் கூர், முழு வால் என்று முடிவு செய்துவிட்டேன். பனிப்பகுதிக்கு மாற்றல் வந்தால் பிடிக்கு எது பொருந்தும்?

பதில்: குடியாத்தம் உலைக்களம்

வெறும் உலோகம் கையில் படக் கூடாது. உறைகுளிரில் ஈரத் தோல் அதில் ஒட்டிக்கொள்ளும். வாலின் விளிம்பு வெளியே தெரியும் இடத்தில் பாராகார்டு என்னும் மெல்லிய நைலான் கயிற்றைச் சுற்றி, பக்கங்களுக்கு மைக்கார்ட்டா (துணி அடுக்குகளைப் பிசினில் இறுக்கிய பலகை) போடுங்கள். கையுறையோடு பிடிக்க வேண்டியிருப்பதால் வழக்கத்தைவிட அரை அங்குலம் நீளமாகவே பிடியை வையுங்கள்.