பொருள்: "டீட்டெய்லிங்" – வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்

ந. (மிச்சிகன்):
வணக்கம். டெட்ராய்ட் பக்கம் ஒரு வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். பெற்றோரில் பலருக்கு கார் கம்பெனி வேலை. அதனால் ஆண்டு விழாக் கண்காட்சிக்கு 1969 டாட்ஜ் சார்ஜர் என்ற "மஸில் கார்" (பெரிய எஞ்சின் வைத்த வேகக் கார்) ஒன்றின் 1/25 அளவுப் பிளாஸ்டிக் மாதிரி கிட்டைக் கட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் தமிழில் அட்டை எழுதுகிறார்கள். அச்சு இடுக்கில் வழிந்து நிற்கும் பிளாஸ்டிக்கைப் "பிசிறு" என்று அவர்களே எழுதிவிட்டார்கள். பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் சட்டத்துக்குக் "கொடி" போதும். மாட்டிக்கொண்டது "டீட்டெய்லிங்", அதாவது நிஜ வண்டியின் சின்னச் சின்ன விவரங்களை மாதிரியில் சேர்ப்பது. ஒரு பையன் "விவரித்தல்" என்று எழுதியிருக்கிறான். வியாழக்கிழமை அட்டைகள் அச்சுக்குப் போக வேண்டும்.

கு.:
நுண்வினை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?
அப்படியே "மஸில் கார்" என்பதையும் விட்டுவிடுங்கள், மல்லற்கார் என்க. மல் வலிமை. "மல்லல் வளனே" என்பது தொல்காப்பிய உரியியல். வலிமையும் வளமும் ஒரே சொல்லில். கார் ஆங்கிலம் ஆயிற்றே என்பீர்கள். கரிய மேகமும் கார்தான், அதுவும் உறுமும்.

செ.:
ஐயா, மல்லற்கார் என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பூக்கடை வண்டி என்று நினைப்பார்கள். 1964-ல் பான்டியாக் நடுத்தர உடம்புக்குள் 389 கன அங்குல எஞ்சினை இறக்கி ஜிடிஓ என்று விற்றதே, அந்தச் சேட்டைக்குச் சங்கச் சொல் எதற்கு? மஸில் கார் இருக்கட்டும்.
டீட்டெய்லிங்குக்கு "நகாசு வேலை" இருக்கிறது. எங்கள் அப்பா நகைப் பட்டறையில் தினமும் சொன்ன சொல். எல்லாருக்கும் புரியும்.

கு.:
நகாசு அரபியில் கிளம்பி உருது வழியாக வந்தது. நம்மிடம் கம்மியம் இருக்கும்போது கடன் எதற்கு? நெடுநல்வாடையில் கதவை இடுக்குத் தெரியாமல் முடுக்குகிறவன் "கைவல் கம்மியன்". உங்கள் பிள்ளைகள் பானெட்டைப் பொருத்துவதும் அதே வேலைதானே.

த.:
கம்மியன் பிராகிருதத்துக் "கம்ம" வழி வந்தவன், அதற்கும் பின்னால் "கர்ம" நிற்கிறது என்று ஒரு கட்சி உண்டு. உருதுவை வாசலில் நிறுத்திவிட்டுப் பிராகிருதத்தைக் கூடத்தில் உட்கார வைக்கிறீர்களே.

கு.:
அந்தக் கட்சி தவறு.
[கம்மல், கம்பி, கம்மாளர் வரை போகும் மூன்று பத்திகள் வெட்டப்பட்டன. தனி இழையில் தொடரவும். – மட்டுறுத்துநர்]

இ. (ஒகையோ):
கிட் கட்டுகிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. யாரும் அந்த வேலை என்ன என்று கேட்கவில்லை.
சார்ஜரில் 426 ஹெமி எஞ்சின் என்று வையுங்கள். காயிலிலிருந்து வரும் மின்சாரத்தை ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர், கிட்டில் வெறும் மொட்டைக் குமிழ். அதன் தலையில் ஒன்பது துளை போட வேண்டும்: எட்டு பிளக்குக்கு, ஒன்று காயிலுக்கு. நிஜ வயர் 7 மி.மீ. தடிமன் என்றால் 1/25-ல் 0.28 மி.மீ. சிலிண்டர்கள் எரியும் 1-8-4-3-6-5-7-2 என்ற வரிசையில் வயர் போக வேண்டும். ஹெமியில் அவை வால்வு மூடியின் நடுவிலேயே இறங்கும். அந்த மூடி சுருக்கம் விழுந்த கறுப்பு, எஞ்சின் ஆரஞ்சு. ஜன்னல் ஓரக் குரோமுக்கு மெல்லிய அலுமினிய ஒட்டுத்தாளைப் பல்குத்தியால் தேய்த்துப் படிய வைத்து, கத்தி நுனியால் ஓரம் வெட்டுவோம்.
இதுவரை நகாசு என்றால் ஒப்புக்கொள்வேன். ஆனால் வண்டியைத் திருப்புங்கள். அந்தக் காலத்து கிரைஸ்லர் ஆலையில் அடிப்பக்கத்துக்கு மேல் நிறத்தை முழுக்க அடிக்க மாட்டார்கள். பெரும்பாலும் பிரைமர் என்ற அடிப்பூச்சுதான், ஓரங்களில் மேல் நிறம் சிதறியிருக்கும். சோதித்தவர் கிறுக்கிய சாக் குறிகளும் உண்டு. தேர்ந்த கை அந்த அலட்சியத்தையும் அப்படியே வரையும். அடிப்பக்கத்தைப் பளபளவென்று அடித்தால் போட்டியில் மதிப்பெண் போகும். அழகுபடுத்துவது வேறு, உள்ளதை உள்ளபடி சேர்ப்பது வேறு. "மெய்ந்நுணுக்கம்" என்று ஏதாவது பாருங்கள்.

செ.:
அண்ணா, நகாசு என்றால் பளபளப்பு மட்டுமில்லை. கடைசிக் கைவேலை எல்லாமே நகாசுதான். கோவில் நகையில் பழைய கறுப்பை அப்படியே விடுவதும் அதில் சேரும்.

த.:
மெய்ந்நுணுக்கம் என்றால் பொய்ந்நுணுக்கம் எது என்று பிள்ளைகள் கேட்பார்கள். "நுணுக்க வேலை" என்று போட்டுவிட்டுத் தூங்கப் போகலாமா?

இ.:
சரி, ஆட்சேபம் இல்லை. அட்டையில் அந்தச் சாக் குறியைப் பற்றி ஒரு வரியாவது போடுங்கள்.

ந.:
மிக்க நன்றி. அட்டையில் "நுணுக்க வேலை", கீழே சிறிய எழுத்தில் சாக் குறி பற்றி ஒரு வரி. மஸில் கார் அப்படியே. "விவரித்தல்" எழுதிய பையன் மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. விவரத்தைத்தானே சேர்க்கிறோம் என்கிறான்.

கு.:
பையன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வேலை என்பதும் எனக்கு உடன்பாடு இல்லை. வினை. பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன்.