புதுப்பிப்பு: அக்காகிட்ட சொல்லிட்டேன்

"நான் கே, அதாவது ஆண்கள்மேல ஈர்ப்பு உள்ள ஆண். வீட்டில் சொல்ல பயம், அந்தப் பயத்திலேயே தினமும் குடிக்கிறேன்"னு மூணு மாசம் முன்னாடி எழுதியிருந்தேன். அப்புறம் என்னாச்சுன்னு கேட்டவங்களுக்காக இது.

சொல்லிட்டேன், அக்காகிட்ட மட்டும். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில், பென்னாகரம் பஸ்ஸுக்குக் காத்திருந்தப்போ. அக்கா கையிலிருந்த கடலைப் பொட்டலத்தைப் பிரிக்காம மடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம், "இதுக்காகவாடா இப்படிக் குடிச்சே?"ன்னு கேட்டுச்சு. அழுதுட்டேன்.

அன்னிக்கே குடியை நிறுத்தினேன். அதுதான் தப்பு. மறுநாள் டம்ளரைப் பிடிக்க முடியாம கை நடுங்குச்சு, வேர்த்து ஊத்துச்சு. அக்காதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போச்சு. தினம் குடிச்ச உடம்பு, சட்டுனு விட்டா வலிப்பு வரலாம், உயிரே போகலாம்னாரு டாக்டர். மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்துப் பார்த்துக்கிட்டாங்க. தயவுசெஞ்சு யாரும் தனியா நிறுத்தாதீங்க. போதை மீட்பு உதவி எண் 14446க்குக் கூப்பிடுங்க, காசு கிடையாது.

அங்கே ஒருத்தர், நான் கேங்கிறதைச் சொல்லி, "இந்தப் பழக்கத்தையும் மாத்திடலாம்"னாரு. அக்கா விடலை. அப்படி மாத்துற வைத்தியம் எதுவும் கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் 2021லேயே சொல்லிடுச்சு.

இன்னிக்கு 41ஆவது நாள். அம்மாகிட்ட இன்னும் சொல்லலை. அக்கா பக்கத்துல இருக்கும்போதுதான் சொல்லணும்.