பழைய எண்ணம் அழியுமா, அல்லது அதன் இடத்தில் புதியது வருமா?

கேள்வி (கணித ஆசிரியை):
தலைமையாசிரியர் அழைப்பதாக அலுவலக உதவியாளர் வகுப்பு வாசலில் வந்து நின்றாலே, கையிலுள்ள சுண்ணக்கட்டி வியர்வையில் பிசுபிசுக்கும் அளவுக்கு, 'ஏதோ தவறு செய்துவிட்டேன்' என்ற எண்ணம் என்னைப் பிடித்துக்கொள்கிறது. போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு கையெழுத்துக்காகத்தான் இருக்கும். இருபத்தொரு நாள்களில் மூளையைப் பழக்கிவிடலாம் என்று கேள்விப்பட்டு, தினமும் காலையில் 'நான் திறமையானவள்' என்று பத்து முறை சொல்லிவந்தேன். பழைய எண்ணம் போகவில்லை. 'இதுகூட என்னால் முடியவில்லை' என்ற புதிய எண்ணமும் சேர்ந்துகொண்டது. வேறு வழி உண்டா?

மறுமொழி (மனநல ஆலோசகர்):
அம்மா, குறை உங்களிடம் இல்லை. அந்த நாள் கணக்கில்தான் இருக்கிறது. முகச் சீரமைப்பு அறுவை சிகிச்சை செய்துவந்த அமெரிக்க மருத்துவர் மாக்ஸ்வெல் மால்ட்ஸ், புதிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள்கள் பிடிப்பதாக 1960இல் எழுதினார். அதில் 'குறைந்தது' என்ற சொல் காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் நடத்திய ஆய்வில், ஒரு புதிய பழக்கம் தானாக நிகழச் சராசரியாக 66 நாள்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள்கள் வரை வேறுபட்டது. அவை உணவு, நடை போன்ற எளிய பழக்கங்கள் என்பதால், எண்ணங்களுக்கு இன்னும் பொறுமை வேண்டும் என்பதே என் கருத்து. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

எண்ணத்தை விரட்டவும் முயலாதீர்கள். வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது என்று உளவியலாளர் டேனியல் வெக்னர் ஓர் ஆய்வில் சொல்லிவைத்தவர்களுக்கு அந்தக் கரடியே திரும்பத் திரும்ப நினைவில் வந்தது (1987). கற்றுக்கொண்ட அச்சம் மூளையிலிருந்து அழிவதில்லை. அதற்குப் போட்டியாக வேறொன்றைக் கற்கிறோம், அவ்வளவுதான். ஆகவே, களைத்திருக்கும் நாளில் பழையது தலைதூக்கினால் அதைத் தோல்வியாகக் கொள்ள வேண்டாம்.

மறுமொழி (ஒரு தந்தை):
எனக்குக் கைகொடுத்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. தானாக எழும் எண்ணங்களை எழுதிச் சோதிக்கும் இந்த முறை, 1960களில் ஆரோன் பெக் உருவாக்கிய சிகிச்சையிலிருந்து வந்தது என்று என் மருத்துவர் விளக்கினார். என் முதல் பக்கத்தில் இருப்பது இது: 'இரவு 9.20. மகன் கைபேசியை எடுக்கவில்லை. எண்ணம்: விபத்து. நம்பிக்கை: நூற்றுக்குத் தொண்ணூறு. நடந்தது: பேருந்தில் தூங்கிவிட்டான்.' நோட்டு முடியும் தறுவாயில் அந்தத் தொண்ணூறு நாற்பதுக்கு இறங்கியிருந்தது. எண்ணம் இன்றும் வருகிறது. ஆனால் நான் தெருமுனை வரை போய் நிற்பதில்லை.

மறுமொழி (செவிலியர்):
தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் நோட்டோடு நிறுத்திக்கொள்ளாமல் மருத்துவரையும் பாருங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

கணித ஆசிரியை:
அனைவருக்கும் நன்றி. தூக்கம் சரியாகத்தான் இருக்கிறது. நோட்டை இன்றே தொடங்குகிறேன். அழைப்பு வந்தவுடன் எழுத வேண்டுமா, திரும்பி வந்த பிறகா?

மனநல ஆலோசகர்:
எண்ணத்தையும், அதை நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறீர்கள் என்ற மதிப்பெண்ணையும் போகுமுன் ஒரே வரியில் குறித்துவிடுங்கள். நடந்ததைத் திரும்பி வந்து எழுதுங்கள். எல்லாவற்றையும் பிறகு எழுதினால், 'அப்போதே எனக்குத் தெரியும்' என்று மனம் அந்தத் தொண்ணூறைக் குறைத்துச் சொல்லிவிடும்.