சுவர் குயில்ட்: நடு இழுக்குது, ஓரம் நெளியுது

இழைக்கோலம்:
24-க்கு 30 இஞ்ச், சுவரில் மாட்டும் குயில்ட் (மேல் துணி, நடுவில் பஞ்சு அடுக்கு, அடித் துணி மூன்றையும் சேர்த்துத் தைத்தது). பேட்டர்ன் இல்லாமல் கைபோன போக்கில் வளைவுகள் வெட்டி இணைத்தது. நடுவில் சிவப்பு வட்டம், அதில் கால் இஞ்ச் இடைவெளியில் சுருள் தையல். சுற்றிலும் நீலத் துண்டுகள். அங்கே மூன்று இஞ்சுக்கு ஒரு தையல் கோடுதான். உள்ளே காட்டன் பேட்டிங் (நடுப் பஞ்சு அடுக்கு). நாலு ஓரமும் நெளிந்து நிற்கிறது. பைண்டிங் (ஓரத்தை மூடும் துணிப்பட்டி) போட்டால் சரியாகுமா? பத்தடி தள்ளி நின்றால் நீல வளைவுகள் தெரியவும் இல்லை.

ஊசிமுனை:
இப்ப பைண்டிங் போட்டா நெளிவு அப்படியே நிலைச்சிடும். காரணம் தையல் அடர்த்தி. ஒவ்வொரு கோடும் மூணு அடுக்கையும் கொஞ்சம் சுருக்கும். நடு சுருங்கிடுச்சு, ஓரம் பழைய அளவிலேயே இருக்கு. மிச்சத் துணிக்குப் போக்கிடம் இல்ல. சுருளைப் பிரிக்க வேண்டாம். நீலத்துல அரை இஞ்சுக்கு ஒரு கோடு போடுங்க, வட்டத்தை ஒட்டி ஆரம்பிச்சு வெளியே நகர்ந்து. வாக்கிங் ஃபுட் (எல்லா அடுக்கையும் ஒண்ணா நகர்த்துற மெஷின் பாதம்), தையல் நீளம் 3 மி.மீ. வெளியிலேர்ந்து உள்ளே வந்தா நடுவுல மடிப்பு மாட்டிக்கும்.
பிறகு நனைச்சு, தெர்மாகோல் பலகையில மூலைமட்டம் பார்த்துக் குண்டூசி குத்தி, நல்லா காஞ்சதும் ஓரம் வெட்டுங்க. பைண்டிங் நீளத்தை ஓரத்துல அளக்காதீங்க, குயில்டோட நடுவுல அளந்து வெட்டுங்க.

கிராஸ்கட்:
வளைவுக்கும் இதில் பங்கு உண்டு. வளைத்து வெட்டும்போது சில இடம் கிராஸில் (துணியின் நூலோட்டத்துக்குச் சாய்வாக) விழும். இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்தாலே நீண்டுவிடும். வைத்து எடுங்கள். அடுத்த முறை வெட்டுவதற்கு முன்பே கஞ்சி போடுங்கள். இரண்டு துணியை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரே வீச்சில் வெட்டுவது மெல்லிய வளைவுக்குத்தான் ஒத்துவரும். தையலுக்குக் கால் இஞ்ச் போனதும் இரண்டு வெட்டு ஓரமும் சரியாகப் பொருந்தாது. வளைவு இறுக இறுகத் துணி புடைக்கும்.

வண்ணநூல்:
போட்டோவைக் கருப்பு வெள்ளையாக்கிப் பாருங்க, நீலம் எல்லாம் ஒரே சாம்பலா வரும். நிறம் வேற வேறதான், ஆனா வெளிர், அடர் வித்தியாசம் இல்ல. ஊசிமுனை சொன்ன கோடுகள்ல ரெண்டு மூணை மட்டும் வெளிர் நூல்ல போடுங்க: தடிச்ச 12 நம்பர் காட்டன், 100/16 டாப்ஸ்டிச் ஊசி (காது பெரிசா இருக்கிறது), பாபின்ல (கீழ் நூல்) மெல்லிய 50 நம்பர். மேல் நூலோட டென்ஷனை (இறுக்கத்தை) குறைக்கலேன்னா பாபின் நூல் புள்ளி புள்ளியா மேல எட்டிப் பார்க்கும். எல்லாக் கோட்டையும் வெளிரா போட்டா பழைய கதைதான்.

இழைக்கோலம்:
சிவப்பில் ஈரப் பஞ்சு வைத்து எடுத்தேன், ரோஸ் நிறம் ஒட்டியது.

ஊசிமுனை:
அப்போ நனைக்காதீங்க. தெர்மாகோலும் வேண்டாம், சூட்டுல உருகும். மேசையில தடிச்ச கம்பளி விரிச்சுக் குண்டூசி குத்துங்க. ஸ்டீம் பெட்டியை ஒரு இஞ்ச் மேல பிடிச்சு ஆவி மட்டும் காட்டுங்க, சிவப்பு வட்டத்தை விட்டுட்டு. ஆறின பிறகுதான் ஊசியை எடுக்கணும்.