1903 டூர் டி பிரான்ஸ்: பிரெஞ்சு தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே. முதல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 'லோட்டோ' நாளிதழ் தன் விற்பனையைக் கூட்டத்தான் 1903-இல் அதைத் தொடங்கியது. மொத்தம் ஆறே கட்டங்கள், 2,428 கி.மீ. பாரிஸிலிருந்து லியோன் வரையிலான முதல் கட்டமே 467 கி.மீ.! ராத்திரியிலும் மிதித்திருக்கிறார்கள். கிளம்பிய 60 பேரில் 21 பேர்தான் முடித்தார்கள்.

வென்ற மோரிஸ் காரான் பற்றி நிறையக் கிடைக்கிறது. எனக்கு வேண்டியது கடைசியாக வந்த ஆர்சேன் மிலோஷோ. காரானைவிட 64 மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கியும் மனுஷன் விடவில்லை!

அந்த ஜூலை மாத இதழ்கள் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இருக்கின்றன. பிரெஞ்சு வாசிப்பவர்கள் யாராவது ஐந்தாறு பக்கம் படித்துச் சொல்வீர்களா? அப்புறம், 'ஸ்டேஜ்' என்பதற்குக் 'கட்டம்' சரிதானா?